நாலால் பெருக்கிய மருமகன்

அத்தியாயம் 11

போன கிழமை பாலைப்பழத்தோடு நின்றோம். மறந்தவர்களுக்காக ஒரு வாய் மட்டும் திரும்பச் சொல்கிறேன்.

தனுஷாவுக்கு ஏழாம் மாதம். ஒரு கை பாலைப்பழம் கிடைத்தால் நல்லது என்று, யாரிடமும் கேட்காத மாதிரி, காற்றிடம் சொன்னாள். அவளுடைய புருஷன் சிவதர்ஷன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஓர் உரப்பை நிறையக் கொண்டுவந்தான். மூன்று நாட்கள் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க உதடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கும்தான். மூன்று நாள் வாயைத் திறக்க முடியாமல் நான் பட்ட பாட்டைக் கண்ணகை அம்மாள்தான் அறிவாள்.

அவன் அப்படித்தான். கூட என்றால் மிகக் கூட, குறைவு என்றால் ஒன்றுமே இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போயிற்று என்று தனுஷா ஒருநாள் சொன்னதற்கு, இரண்டு கிழமை சீனியே போடாத வெறும் சாயத்தை ஊற்றிக் கொடுத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீனிப்பாணியே காய்ச்சினான்.

கல்குடாப் பொடியன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவன். முன் வீடு மகளுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அழகரத்தினம் அண்ணனும் ஆச்சிப்பிள்ளை அக்காவும் பின் வளவில் இரண்டு அறை போட்டுக்கொண்டார்கள். முன் வீட்டின் மூலை அறையில் மருமகன் ஒரு மேசை, இரண்டு திரை, ஒரு காற்றாடியோடு உட்கார்ந்து பின்லாந்திலுள்ள கம்பனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறான். அணு உலையின் நடுப்பகுதியைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்க்கிற வேலை. அவன் அறைக்குள் அணுகுண்டு செய்கிறான் என்று ஆரம்பத்தில் யாரோ ஒருத்தி ஊரெல்லாம் கதை கட்டிவிட்டாள். யார் என்று இப்போது கிளற வேண்டாம்.

எனக்கு விளங்கிய அளவில் விஷயம் இதுதான். உலையின் நடுவில் நூற்றைம்பத்தேழு எரிபொருள் கட்டுகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு கட்டில் நடப்பது பக்கத்துக் கட்டைப் பாதிக்கும், அது அதற்கு அடுத்ததைப் பாதிக்கும். கம்ப்யூட்டர் அந்தச் செய்தியை ஒரு சுற்றுக்கு ஒரு வேலி மட்டுமே தாண்டிக் கொண்டுபோகிறது. மொத்த ஊரும் ஒரே கதையில் வந்து நிற்கும்வரை சுற்றிச் சுற்றி வரவேண்டும். அதற்கு ஒன்பது மணித்தியாலம். வேலிக்கு வேலி கதை சொல்லி ஓர் ஊரை முடிக்கிற கஷ்டம் எனக்குத் தெரியாததா?

இதை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துக் காட்டு, மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம், வீட்டிலிருந்தே வேலை என்றது கம்பனி. முடியாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. சரி என்றால் அவன் கட்டாரில் இருக்கிற அண்ணனிடம் போகவேண்டியதுதான். அண்ணன் விசாவுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டான். பிள்ளை இங்கே பிறக்கும், தகப்பன் டோஹாவில் இருந்து வீடியோவில் பார்ப்பான்.

முடித்துக் காட்டவேண்டிய நாள் இன்று. பின்னேரம் நாலரைக்கு.

கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில், ஆச்சிப்பிள்ளை அக்காவின் குடிக்கு, அதாவது தாய்வழிக் கூட்டத்துக்கு, விழுந்த நாளும் இன்றுதான். பூசையும் அவர்கள் பொறுப்பு, மத்தியானம் ஊருக்குச் சோறு போடுவதும் அவர்கள் பொறுப்பு.

* * *

காலையில் சிவதர்ஷன் கிணற்றடியில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தான். எனக்கும் அந்த நேரம் பார்த்து வேலியோரம் கீரை பிடுங்க வேண்டியிருந்தது.

"என்ன தம்பி, பாட்டெல்லாம் பலமாக் கேக்குது?"

"அக்கா! ஒம்பது மணித்தியாலம் ஓடினது இப்ப ஒரு மணி அம்பது நிமிசம். நேத்தே விடையை அனுப்பிட்டன். பின்னேரம் கதைச்சாச் சரி."

"என்ன மந்திரம் போட்ட?"

"மந்திரமில்லக்கா. உலை வட்டமா இருக்கும். நாலாப் பிரிச்சா நாலு பங்கும் ஒரே மாதிரி. என்னத்துக்கு நாலையும் ஓடவிடோணும்? ஒரு பங்கை மட்டும் ஓடவிட்டன். மத்த மூண்டும் அதே விடைதானே."

கெட்டிக்காரன்தான் என்று நானும் நினைத்தேன். கீரையில் பாதி புல்லாக இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

பின் வளவிலிருந்து ஆச்சிப்பிள்ளை அக்காவின் சத்தம் வந்தது. "புள்ள தனுஷா! குளிக்கிறவங்க கெதியாக் குளிச்சாக் கோயிலுக்குச் சோத்துக் கிடாரம் ஏத்தலாம் எண்டு சொல்லு."

குளிக்கிறவனுக்கும் அவளுக்கும் இடையில் நாலு முழம்தான் இருக்கும். ஆனாலும் கலியாணமாகி இரண்டு வருஷத்தில் ஆச்சிப்பிள்ளை அக்கா மருமகனிடம் நேரே ஒரு சொல் பேசியதில்லை. மகளிடம் சொல்வாள், புருஷனிடம் சொல்வாள், இருவரும் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வாள். பூனை நின்று கேட்கும். சிவதர்ஷனும் பூனையைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிட்டான்.

"பிடிப்பில்லையா அக்கா, மருமகன்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆரு சொன்ன? வந்து போறவங்களோட என்ன கதை எண்டு இருக்கன்," என்றாள். கட்டார்க் கதை வருவதற்கு ஒரு வருஷம் முன்பே இப்படிச் சொன்னாள். இந்தக் காலத்துப் பொடியன்கள் எல்லாம் எப்படியும் வெளிநாடு போகிறவர்கள்தான் என்பது அவளுடைய முடிவு.

ஆனால் ஐந்து நாளைக்கு முன்பு அவனுக்கு ஒரு பெரிய வேலையைக் கொடுத்திருந்தாள். பூனை வழியாகத்தான். ஊரிலுள்ள நாலு தெருவுக்கும் வீடு வீடாகப் போய், சாப்பிட எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு வரவேண்டும். அதை வைத்துத்தான் அரிசி போடுவது. அவனும் போனான். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, "ஐந்நூத்தி இருவது பேர்," என்றான்.

அழகரத்தினம் அண்ணன் அசந்துபோனார். "நான் போனா ரெண்டு நாள் செல்லும் இந்த வேலைக்கு," என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னார்.

அரை மணித்தியாலத்தில் நாலு தெரு எப்படி என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்றால் பாருங்கள்.

* * *

பூசை முடிந்து, கோயில் மடத்தில் நாலு வரிசையாகத் தாமரை இலை போட்டார்கள். மூன்று கிடாரம் சோறு, பூசணிக்காய், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. முதல் பந்தி மணக்க மணக்க நடந்தது. கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் இளையதம்பி வந்து எட்டிப் பார்த்தார். அவர் வேறு குடி. நேற்று அவர்களுடைய நாள்.

"நேத்து எங்கட சோறு மிஞ்சி மாட்டுக்கும் போட்டம்," என்றார், ஒருத்தரும் கேட்காமலே.

ஆச்சிப்பிள்ளை அக்கா சிரித்தாள். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் பந்திக்கு ஆற்றங்கரைத் தெரு வந்தது. வந்தது என்றால், வந்துகொண்டே இருந்தது. விடிய வலை இழுத்துவிட்டுக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு ஆண்கள், இடுப்பில் ஒன்றும் கையில் இரண்டுமாகப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கல்குடாவிலிருந்து சடங்கு பார்க்க வந்த அவர்களுடைய சொந்தங்கள். இலைகள் போதவில்லை. வெளியே மரத்தடியில் இன்னொரு பந்தி நின்றது.

அழகரத்தினம் அண்ணன் மகளிடம் வந்தார். "புள்ள, மூணாம் கிடாரத்தில அடி தெரியுது."

ஆச்சிப்பிள்ளை அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. குடிக்குரிய நாளில் சோறு முடிந்துபோனது என்றால் அது அந்த வருஷத்தோடு போகிற கதையல்ல. பேரப்பிள்ளைகள் கலியாணத்துக்கும் யாராவது எடுத்துச் சொல்வார்கள். யாராவது என்ன, நானே சொல்வேன்.

தனுஷா கதிரையில் உட்கார்ந்தபடியே புருஷனைக் கூப்பிட்டாள். "இஞ்ச வாங்க. எத்தின பேர் எண்டு சொன்னீங்க?"

"ஐந்நூத்தி இருவது."

"எண்ணினீங்களா?"

"ஓம்… எண்ணினன்."

"எந்தத் தெரு?"

"பெரிய ரோட்டு."

"மறுகா?"

அவன் கையிலிருந்த சோற்று வாளியைப் பார்த்தான். "மறுகா… நாலால பெருக்கினன்."

தனுஷா ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அந்த ரோட்டில பாதி வீடு பூட்டிக் கிடக்கு! ஆக்கள் கனடாவில! ஆத்தங்கரையில ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர். நாலு தெருவும் ஒரே மாதிரியா உங்களுக்கு?"

"ஒரே மாதிரித்தானே இருக்கும் எண்டு நினைச்சு…"

அதோடு அவன் பேச்சு நின்றது. வாளி கையிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. வெட்கத்தில் நிற்கிறான் என்றுதான் நினைத்தேன். வெட்கத்துக்கு அந்த நிறம் வராது.

மடியிலிருந்து தொலைபேசியை எடுத்தான். விரலால் தள்ளிக்கொண்டே போனான்.

"தனு. அந்தக் கட்டுப் பட்டியல் நூத்தம்பத்தேழு வரி. நான் முதல் நாப்பது வரிதான் வாசிச்சன்."

"மறுகா?"

"மறுகா வாசிக்கல. நூத்தி முப்பத்தோராம் வரியில ஒரு கட்டு வேற. புதுக் கட்டு நிக்க வேண்டிய இடத்தில ஏற்கெனவே எரிஞ்ச பழைய கட்டு ஒண்டை வச்சிருக்காங்க. அப்ப நாலு பங்கும் ஒண்டில்ல. பழைய கட்டு நிக்கிற பக்கம் சூடு குறைய, எதிர்ப்பக்கம் கூட வரும். நான் அனுப்பின விடையில எல்லாப் பக்கமும் ஒரே சூடு. அது பிழை, தனு. முழுக்கப் பிழை. முழு உலையையும் ஓடவிட ஒம்பது மணித்தியாலம் வேணும்."

மணி பன்னிரண்டே முக்கால்.

ஆச்சிப்பிள்ளை அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் நிண்டு என்ன கதை? சோத்துக்கு வழி சொல்லச் சொல்லு, புள்ள."

* * *

தனுஷா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பைச் சத்தம் போடாமல் அடக்குகிறவள். கதிரையைத் தூக்கிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள்.

"அப்பா, வீட்டில இருக்கிற அரிசி முழுக்க வரட்டும். றவூப் நானா எங்க?"

கிடாரங்களை வாடகைக்குக் கொடுத்த ஓட்டமாவடி றவூப் நானா, சாமான் பத்திரமா என்று பார்க்க வந்தவர், மாமரத்தடியில் நின்றார். "தங்கச்சி, வேனில இன்னும் ரெண்டு கிடாரம் கிடக்கு. எறக்கட்டா? கேக்க முதல் அடுப்பை மூட்டச் சொல்லுங்க."

அடுப்பு மூட்டியாயிற்று. ஆனால் சோறு வேக முக்கால் மணித்தியாலம் போகும். அதுவரைக்கும் இருக்கிறதை வைத்துச் சமாளிக்க வேண்டும். மருமகன் சமாளிக்கப் புறப்பட்டான். முதலாம் வரிசையில் "சோறு!" என்று கத்தினார்கள். ஓடிப்போய் வாளி முழுவதையும் அங்கே கவிழ்த்தான். நாலாம் வரிசை கத்தியது. அடுத்த வாளி முழுக்க அங்கே. இதற்குள் இரண்டாம் வரிசையில் வெறும் இலை. முதலாம் வரிசையில் ஒரு சின்னப்பிள்ளையின் இலையில் அதன் தலை உயரத்துக்குச் சோறு.

"நில்லுங்க!" என்றாள் தனுஷா. "இலை இலையா ஓடாதீங்க. முதல்ல நாலு வரிசைக்கும் எவ்வளவு எண்டு பிரிச்சு நாலு வாளியில வைங்க. வரிசைக் கணக்குச் சரியா வந்தா, உள்ளுக்க இலைக் கணக்கு தானாச் சரி வரும்."

சிவதர்ஷன் அப்படியே நின்றான். வாய் மெல்ல அசைந்தது. "முதல்ல வரிசை… மறுகா இலை…"

"மறுகா கேளுங்க, இன்னொரு விஷயம்—"

அவன் கேட்கவில்லை. வாளியை என் கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் வாசலால் ஓடினான். வண்ணக்கர் இளையதம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு முடிஞ்ச உடன மருமகன் ஓடுறார் போல," என்றார்.

"அவருக்கு வேல இருக்கு," என்றாள் ஆச்சிப்பிள்ளை அக்கா. "நீங்க இருங்க தம்பி. கடைசிப் பந்தியில சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

மருமகனுக்காக அவள் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் கேட்கவில்லை, அது வேறு.

தனுஷா சொல்ல வந்த மற்ற விஷயத்தைச் சோறு போடுகிறவர்களிடம் சொன்னாள். "ஆரும் கத்தினா, கேட்டதில பாதி போடுங்க. சுத்தி வாங்க. மறுகாவும் கேட்டா, அப்பயும் பாதி."

"பாதி போட்டா ஏசுவாங்களே டீச்சர்," என்றான் வாளிக்காரன் ஒருவன்.

"ஏசட்டும். முழுக்கப் போட்டா அவர் சும்மா இருப்பார், அடுத்தவர் ஏசுவார். பாதி போட்டா ரெண்டு பேரும் கொஞ்சமா ஏசுவாங்க. நாலு சுற்றில சத்தமே இருக்காது."

நாலு சுற்று என்றாள். எனக்கு எண்ணிப் பார்க்கிற பழக்கம். ஐந்து சுற்றில் மடம் அடங்கியது. அதற்குள் புதுச் சோறும் இறங்கிவிட்டது.

* * *

வாளியை வீட்டில் கொடுக்க வேண்டுமே என்று இரண்டே முக்காலுக்குத் தனுஷாவோடு நானும் போனேன். கோயில் வாளிதான். ஆனாலும் கொடுக்க வேண்டுமே.

மூலை அறையில் சிவதர்ஷன் வேட்டியோடும் திருநீற்றோடும் உட்கார்ந்திருந்தான். திரையில் பிழையைக் காட்டுகிற ஒரு கோடு மேலே போய்க் கீழே விழுந்து, அதைவிட மேலே போய், அதைவிடக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

இந்தக் கோட்டை நீங்களும் முந்திய அத்தியாயம் ஒன்றில் பார்த்திருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு முன்பு அவன் கீபோர்டைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தானே, அதே கோடுதான். கட்டுக் கட்டாகப் போகாமல், முதலில் பெரிய பெரிய பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது என்று தீர்த்துவிட்டு, பிறகு உள்ளே போகிற வழி. தெருவுக்கு ஒருத்தியிடம் முதலில் சொல்லிவிட்டால் வேலிக்கு வேலி போகத் தேவையில்லை, மத்தியானத்துக்குள் ஊர் முடிந்துவிடும். நல்ல வழிதான். நான் கைகண்டது. ஆனால் அன்றைக்கு ஊஞ்சல் மாதிரி ஆடி வெடித்துப்போனதால் அதைக் கைவிட்டுவிட்டுக் காற்பங்குக்குத் தாவியிருந்தான்.

"திரும்பவும் ஆடுது, தனு," என்றான். "இந்தப் பக்கம் குறைவு எண்டு வருது, திருத்துறன். அடுத்த சுற்றில அந்தப் பக்கம் குறைவு எண்டு வருது. திருத்தினா இன்னும் கூட ஆடுது. ஒண்டரை மணித்தியாலம் இருக்கு. நான் அண்ணனுக்கு…"

"அண்ணனை விடுங்க." தனுஷா கட்டிலில் உட்கார்ந்து வீங்கின காலை நீட்டிக்கொண்டாள். "குறைவு எண்டு வந்தா எவ்வளவு திருத்துறீங்க?"

"எவ்வளவு குறைவோ அவ்வளவும்."

"முழுக்க?"

"முழுக்கத்தானே. பிழை அவ்வளவு இருக்கே!"

தனுஷா திரையில் ஆடுகிற கோட்டைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"பாலைப்பழம்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு கை கேட்டா ஒரு உரப்பை. சீனி கூட எண்டா வெறும் சாயம். மறுகா பாணி." அவள் வாய் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக் கண்ணில் இருந்தது. "கோயில்ல சொல்ல வந்தன். முழுக்கக் கேக்காம ஓடி வந்திட்டீங்க. பாதி போடுங்க. திருத்தத்தில பாதி."

"பாதி போட்டா மெதுவாகும், தனு."

"ஒரு சுற்று மெதுவாகும். ஆனா திரும்பி வரத் தேவல்ல."

அவன் ஒரு வரியில் எதையோ மாற்றினான். பெரிய மாற்றமில்லை, ஒரு எண். ஓடவிட்டான்.

கோடு ஒருமுறை ஆடியது. இன்னொருமுறை, சின்னதாக. பிறகு வாவிக்குள் இறங்குகிற படகு மாதிரி வழுக்கிக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

ஒருத்தரும் பேசவில்லை. என்னால் முடியாத காரியம், ஆனாலும் பேசவில்லை.

"முழு உலை," என்றான் கடைசியில். "நூத்தம்பத்தேழும். பங்கு பிரிக்காம." பொத்தானைத் தட்டினான். மணி மூன்று இருபது.

* * *

நாலு மணிக்கு ஆச்சிப்பிள்ளை அக்கா வந்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள், வண்ணக்கர் கடைசிப் பந்தியில் இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார் என்று முதலில் பூனைக்குச் சொன்னாள். பிறகு மூலை அறைப் பக்கம் பார்த்தாள்.

கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. குழாய் எங்கள் ஒழுங்கையை நேரே பார்த்துக் கட்டியிருந்தது. அது அவளுடைய குடி நாள், அவள் கேட்டு வாங்கிக் கட்டுவித்த திசை.

"இஞ்சேருங்க," என்றாள் புருஷனிடம். "போய் அந்தக் குழாயை ஆத்துப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. நாலரையில இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு."

"இண்டைக்கா? எங்கட நாளிலயா?"

"மீனும் கேக்கட்டுமே பாட்டை. போங்க."

நாலு மணி எட்டு நிமிஷத்துக்கு உலை ஓடி முடிந்தது. நாற்பத்தெட்டு நிமிஷம்.

நாலரைக்குத் திரையில் கம்பனியின் பின்லாந்து அம்மா வந்தாள். வெள்ளைத் தலைமயிர், சிரிக்காத முகம். நாங்கள் வாசல் மறைப்புக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றோம். சிவதர்ஷன் வணக்கம் சொன்ன கையோடு இங்கிலீசில் ஏதோ சொன்னான். தனுஷா தாயின் காதுக்குள் தமிழில் சொன்னாள், என் காதும் கிட்டத்தான் இருந்தது.

"நேத்து அனுப்பினது பிழை எண்டு சொல்றார்."

"அதை ஏன் புள்ள சொல்றார்?" என்று ஆச்சிப்பிள்ளை அக்கா பதறினாள். "அவக்குத் தெரியாம இருந்தா?"

"ஷ்ஷ். முழு உலையும் ஓடவிட்ட புது விடை இருக்காம். ஒத்துப் பாக்கச் சொல்றார்."

அந்தம்மாவிடம் ஒன்பது மணித்தியாலம் ஓடிய விடை இருந்தது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கட்டுக் கட்டாகப் பார்த்தாள். நூற்றைம்பத்தேழு கட்டு. அவ்வளவு நேரமும் அவன் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆச்சிப்பிள்ளை அக்கா காற்றாடியை அவன் பக்கம் திருப்பினாள். காலால், சத்தமில்லாமல்.

அந்தம்மா நிமிர்ந்தாள். நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பழைய கட்டை வேண்டுமென்றுதான் வைத்தாளாம். இதே கணக்கை நாலு பேருக்கு அனுப்பினாளாம். நாலு பேரும் காற்பங்கைத்தான் அனுப்பினார்களாம். பிழை என்று திரும்பி வந்தவன் இவன் ஒருவன்தானாம்.

முடிவை ஒரு மணித்தியாலத்தில் எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

* * *

ஐந்தே முக்கால். நாங்கள் எல்லாரும் பின் வளவுப் படியில். சிவதர்ஷன் மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. ஆச்சிப்பிள்ளை அக்கா உள்ளே போய், தாமரை இலை போட்ட தட்டோடு வந்தாள். அதைத் தனுஷாவிடம் கொடுப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் நேரே அவனிடம் போய் நீட்டினாள்.

"மகன்," என்றாள். "பாதிதான் போட்டிருக்கன். காணாட்டி மறுகா கேளுங்க."

பூனைகூட ஏறிட்டுப் பார்த்தது.

அவன் இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். "சரி மாமி," என்றான். அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

அந்த நேரம் தொலைபேசியில் கம்பனிக் கடிதம் வந்து விழுந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் திறந்து, முதல் பத்தியைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தான். மூன்று வருஷம். வீட்டிலிருந்தே. அழகரத்தினம் அண்ணன் "அம்மாளாச்சி!" என்று கோயில் பக்கம் கைகூப்பினார். ஆச்சிப்பிள்ளை அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், புகை என்றாள். அடுப்பு எரியவில்லை.

கடிதத்தில் இரண்டாம் பத்தியும் இருந்தது.

நான் அவனுக்குப் பின்படியில் உட்கார்ந்திருந்தேன், அது என் குற்றமில்லை. அவன் எழுத்தையும் பெரிதாக வைத்திருக்கிறான். என் இங்கிலீசுக்கு ஆகஸ்ட் என்பது தெரியும். மூன்று வாரம் என்பது தெரியும். ஹெல்சின்கி என்பது ஊர் என்றும் தெரியும். புது வழியை அங்கே இருந்து பொருத்திக் கொடுக்க ஒருமுறை நேரில் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. தனுஷாவுக்கு டாக்டர் சொன்ன நாள் ஆவணி பிறந்து நாலாம் நாள். அதுவும் அதே ஆகஸ்ட்தான்.

சிவதர்ஷன் தொலைபேசியைப் படியில் கவிழ்த்து வைத்தான். ஒரு பிடி சோற்றைப் பிசைந்தான்.

"வேற என்னவாம் மகன்?" என்றாள் ஆச்சிப்பிள்ளை அக்கா. இரண்டு வருஷத்துப் பேச்சை ஒரே நாளில் பேசி முடிக்கிற ஆசை அவளுக்கு.

"அவ்வளவுதான் மாமி. நல்லதாத்தான் எழுதியிருக்காங்க."

தனுஷா அவன் முகத்தைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த தொலைபேசியைப் பார்த்தாள். கணக்கு டீச்சருக்குப் பாதியைக் காட்டினால் போதும்.

"சாப்பிட்டு முடியுங்க," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஒரு கையை மெல்லத் தொலைபேசிப் பக்கம் நீட்டினாள்.